மூலக் கோப்பும் நம் திருத்தமும்

(அரூரில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நிகழ்த்திய உரை)



கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் விளைவிக்கும் அரூர் வட்டாரத்தில், உங்களிடையே கணினியைப் பற்றிச் சில சொற்கள் கூற வந்திருக்கிறோம். "ஏர் பிடிக்கும் நமக்கு இதனால் ஆவது என்ன?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இன்று பட்டாவும் சிட்டாவும் வரிக் கணக்கும் கணினியின் வழியாகவே நம் கைக்கு வருகின்றன. ஊர்ப் பணத்தில் வாங்கிய கணினியைச் செம்மையாகப் பேணுவது, ஏரிக்கரையைப் பேணுவதைப் போன்ற பொதுக் கடமையே ஆகும். அக்கடமையில் பலரும் கவனியாத ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

கணினியில் நாம் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொன்றும் பல கோப்புகளால் ஆனது. லினக்ஸ் வகைக் கணினிகளில் அக்கோப்புகளைக் கட்டாகக் கட்டிப் 'பொதி' என்ற வடிவில் அனுப்புகிறார்கள். பொதியைப் பிரித்து, கோப்புகளை உரிய இடங்களில் வைத்து, எந்தக் கோப்பு எந்தப் பொதியைச் சேர்ந்தது என்று கணக்கும் வைத்துக்கொள்ளும் நிரலுக்குப் 'பொதி மேலாளர்' என்று பெயர். 1993-ஆம் ஆண்டில் இயன் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன் அமைப்பில் இவ்வேலையை 'டிபிகேஜி' என்னும் நிரல் செய்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஆதலின் இது நம் ஊர் வீடுகளுக்கும் முற்றிலும் அந்நியமான செய்தியன்று.

இனி, இடர் எங்கே தோன்றுகிறது என்று பார்ப்போம். 1999-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது 'எம்17என்' என்னும் பொதியுடன் வரும் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. தட்டச்சு செய்பவர் ஒருவர், தமக்கு வசதியாக ஒரு விசையை மாற்ற விரும்புகிறார். மூலக் கோப்பையே திறந்து திருத்திவிடுகிறார். வேலை இனிது நடக்கிறது. சில மாதங்கள் கழித்து அப்பொதியின் புதிய பதிப்பு வருகிறது. பொதி மேலாளர் பழைய கோப்பை நீக்கிப் புதியதை வைக்கிறது. திருத்தம் மறைந்துபோகிறது. பொதி மேலாளர் அவரிடம் ஒரு சொல்லும் கேட்பதில்லை. ஏனெனில் அக்கோப்பு அதன் பொறுப்பில் உள்ளது.

வாணியாற்று அணைப் பாசனத்தை அறிந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. அணையின் மதகு அரசுத் துறையின் பொறுப்பு. ஒருவர் தம் வயலுக்கு நீர் கூடுதலாக வரவேண்டும் என்று மதகையே மாற்றியமைத்தால், அடுத்த பராமரிப்பில் துறையினர் அதைத் தம் அளவுக்கே திருப்பிவிடுவர். ஆனால் தம் வயல் மடையை அவர் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். அதில் எவரும் கை வைப்பதில்லை. கணினியிலும் மதகு வேறு, மடை வேறு. நம் திருத்தம் மடையில் இருக்கவேண்டும்.

அவ்வாறு திருத்தம் செய்வதற்கு மென்பொருளை ஆக்கியவர்களே நான்கு வழிகளை வகுத்திருக்கிறார்கள். உங்கள் கணினி இயக்குபவரிடம் இவற்றை எடுத்துக் கூறுங்கள்.

முதலாவது, பயனருக்கென உள்ள தனிக் கோப்புறை. மேற்சொன்ன விசைப்பலகைக் கோப்பின் நகலைப் பயனரின் சொந்த 'எம்17என்' கோப்புறையில் வைத்து, நகலைத் திருத்தினால் போதும். கணினி முதலில் அதையே நோக்கும். மூலம் மூலமாகவே இருக்கும்.

இரண்டாவது, 'ஈடிசி' என்னும் அமைவுக் கோப்புறை. இங்குள்ள அமைவுக் கோப்புகளில் நாம் மாற்றம் செய்திருக்க, புதிய பொதியிலும் அதே கோப்பு மாறி வந்தால், டிபிகேஜி நின்று நம்மைக் கேட்கும். நம்முடையதையே வைத்துக்கொள்ளச் சொன்னால், புதியதைப் பக்கத்தில் வேறு பெயரில் வைத்துவிடும். சேவைகளை இயக்கும் 'சிஸ்டம்டி' அமைப்பில் இன்னும் நேர்த்தியான ஏற்பாடு உண்டு. முழுக் கோப்பையும் நகலெடுக்க வேண்டியதில்லை. மாற வேண்டிய இரண்டொரு வரிகளை மட்டும் ஈடிசியின் கீழ்த் தனிக் கோப்பாக எழுதினால், அவை மூலத்தின் மேல் செல்லுபடியாகும்.

மூன்றாவது, 'யுஎஸ்ஆர்-லோக்கல்' என்னும் இடம். டெபியனின் விதிப்படி இது அவ்விடத்து நிர்வாகிக்கே உரியது. பொதிகள் இங்கே தம் கோப்புகளை வைக்கலாகாது. நாமே எழுதிய நிரல்களுக்கு இதுவே தக்க இடம்.

நான்காவது, 'டிபிகேஜி-டைவர்ட்' என்னும் கட்டளை. பொதிக்குரிய இடத்திலேயே நம் கோப்பு இருந்தாக வேண்டும் என்ற நிலை எப்போதாவது வரும். அப்போது, "இக்கோப்பின் மூலத்தை இனி வேறு பெயரில் வைப்பாயாக" என்று பொதி மேலாளருக்கே ஆணையிடலாம். வாய்க்கால் நீரைத் திருப்பிவிடுவதைப் போன்றதே இது. பின்னர் வரும் பதிப்புகள் எல்லாம் அந்த வேறு பெயருக்கே செல்லும். நம் கோப்பு அசையாது. வேண்டாதபோது ஆணையை விலக்கிக்கொள்ளலாம். ஆயினும் இவ்வழியைக் கடைசியாகவே நாடவேண்டும். நாம் திருப்பிவிட்ட கோப்பில் பாதுகாப்புக் குறை ஏதேனும் இருந்து, ஆக்கியோர் அதைச் சரிசெய்து அனுப்பினாலும், அச்சீர்திருத்தம் நம் கோப்புக்கு வந்து சேராது. ஆதலின் மூலத்தையும் நம்முடையதையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

இங்கே ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். "திருத்தம் அழிகிறதே" என்று அஞ்சிப் புதுப்பித்தலையே நிறுத்திவிடுவோர் உண்டு. இது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலாகும். புதிய பதிப்புகளில் பல, கள்வர் நுழையும் ஓட்டைகளை அடைப்பதற்காகவே வருகின்றன. அவற்றைத் தடுத்துவைத்த கணினியில் உங்கள் வரிக் கணக்கும் பயனாளிகளின் விவரங்களும் இருந்தால், இழப்பு ஒருவருக்கன்று, ஊருக்கே. திருத்தத்தை உரிய இடத்தில் வைத்தால் புதுப்பித்தலுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கும் கொள்கை இதுவே. மென்பொருளோடு வந்த படிவத்தைத் திருத்தாமல், நகலெடுத்து வேறு பெயரில் உங்கள் கோப்புறையில் வைத்துத் திருத்துங்கள்.

இறுதியாக, ஊராட்சி மன்றங்கள் செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. மன்றத்தின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். செயலர்கள் மாற்றலாகிச் செல்கின்றனர். கணினி இயக்குபவரும் மாறக்கூடும். இன்னார், இன்ன நாளில், இன்ன காரணத்திற்காக, இன்ன கோப்பை மாற்றினார் என்று எழுதிவைக்காவிட்டால், அடுத்து வருபவர் இருட்டில் துழாவ வேண்டியதுதான். கணினி ஓரளவு உதவும்: 'டிபிகேஜி' நிரலிடம் சரிபார்க்கச் சொன்னால் மூலத்திலிருந்து மாறிய கோப்புகளைக் காட்டும், 'சிஸ்டம்டி-டெல்டா' என்னும் கட்டளை மேலெழுதப்பட்ட அமைவுகளைப் பட்டியலிடும். ஆனால் மாற்றியதன் காரணத்தை எந்தக் கணினியும் கூறாது. அதை மனிதர்தாம் எழுதவேண்டும்.

ஆகவே, கணினி உள்ள ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் 'கணினித் திருத்தப் பதிவேடு' ஒன்றைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாள், கோப்பின் பெயர், செய்த மாற்றம், காரணம், செய்தவர் கையொப்பம் என ஐந்து பத்திகள் இருக்கட்டும். மாதந்தோறும் வரவு செலவைப் பார்வையிடும்போது இதனையும் பார்வையிடுங்கள். பொறுப்பு மாறும் நாளில் சாவியோடு இப்பதிவேட்டையும் ஒப்படைக்கச் செய்யுங்கள்.

மூலத்தை மூலமாக விடுங்கள். திருத்தத்தைத் தனியே வையுங்கள். காரணத்தை எழுதி வையுங்கள். இம்மூன்றையும் கைக்கொண்டால் ஊரின் கணினி ஊருக்கு நெடுநாள் உழைக்கும்.