எழுத்தும் பாட்டும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



எழுத்தை இசையாக்கும் செயலிகள் இன்று கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டன. 'அம்மா' என்று தட்டினால் ஒரு மெட்டு ஒலிக்கும். மாயமில்லை, மந்திரமில்லை. யூனிகோடு முறையில் எழுத்துகளுக்கு எண்கள் உண்டு. 'அ'வுக்கு 2949, 'ம'வுக்கு 2990. இந்த எண்ணுக்கு இந்தச் சுரம் என்று செயலி கணக்குப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நமக்கு இது புதிதா? ச, ரி, க, ம, ப, த, நி என்று இசையை எழுத்தில் அடைத்தவர்கள் நம் முன்னோர். புதுக்கோட்டை அருகே குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டளவிலேயே சுரங்களைப் பாறையில் வெட்டிவைத்தார்கள். வெட்டிவைத்ததால் இன்றும் படிக்கிறோம்.

ஆனால் ஒன்று. எழுதாத பாட்டை எந்தச் செயலியும் பாடாது! பால்மரக் காட்டிலே உழைத்த நம்ம பாட்டிமார் பாடின தாலாட்டு எத்தனை, கும்மி எத்தனை, ஒப்பாரி எத்தனை! எல்லாம் வாயிலேதான் இருந்தது, ஏட்டில் ஏறவில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் பல போயின. பாடினவர்களும் ஒவ்வொருவராய்க் கண்மூடுகிறார்கள்.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாட்டியிடம் உட்காருங்கள். "பாட்டி, ஒரு பாட்டு பாடுங்க" என்று கேளுங்கள். பாடினபடியே எழுதுங்கள், குரலையும் போனில் பதிந்துவையுங்கள். செயலி போடுவது அதன் மெட்டு. பாட்டியின் மெட்டு பாட்டியிடம்தான் இருக்கிறது.

பெற்றோர்களே, "இதெல்லாம் எதுக்கு?" என்று பிள்ளையை விரட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அந்த நோட்டும் இம்மேடைக்கு வரட்டும்!