அமிர்தி போற ரோட்டில் எத்தனை ஆபீஸ்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரம் நம்ம இன்பாக்ஸில் வந்த ஒரு கேள்வியை அப்படியே எடுத்துக்கிட்டேன். கேட்டவர் சென்னையில் ஐடி வேலையில் இருக்கார். கேள்வி இதுதான்: "ப்ரோ, வேலூர் பக்கத்துல, அமிர்தி மலை அடிவாரத்துல ஒரு மனை வருது. வியூ செம. விலையும் கம்மி. பஞ்சாயத்து அப்ரூவ்டுன்னு சொல்றாங்க. அட்வான்ஸ் போடலாமா?"

போடலாமா வேண்டாமான்னு ஒரே வார்த்தையில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனால் அந்த "அப்ரூவ்டு" என்ற சொல்லுக்குள்ளே ஒரு முழு அரசுத் துறை உட்கார்ந்திருக்கு. யார் அப்ரூவ் பண்றாங்க, எதைப் பார்த்துப் பண்றாங்க, அவங்க 'முடியாது'ன்னு சொன்னால் உண்மையிலேயே நிற்குமா? இன்னைக்கு இதைப் பற்றித்தான் பேசப் போறோம்.

25 கிலோமீட்டர், நாலு அதிகாரம்

அமிர்தி தெரியாதவங்களுக்கு: வேலூரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரம். காடு, அருவி, 1967-ல் ஆரம்பித்த ஒரு சின்ன விலங்கியல் பூங்கா. வேலூர் பசங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பைக் ரைடுன்னா முதலில் ஞாபகம் வர்ற இடங்களில் ஒண்ணு.

வேலூரில் இருந்து கிளம்பி அந்த ரோட்டில் போய்க்கிட்டே இருங்க. ரோடு ஒண்ணுதான். ஆனால் ரெண்டு பக்கமும் இருக்கிற நிலத்துக்குப் பதில் சொல்ற ஆபீஸ் மாறிக்கிட்டே இருக்கும்.

முதலில் மாநகராட்சி எல்லை. அங்கே வீட்டுப் பிளானுக்கு மாநகராட்சியில் அனுமதி. ஆனால் எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் தொழிற்சாலை என்று முடிவு செய்வது வேலூர் உள்ளூர் திட்டக் குழுமத்தின் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். நகரத்தைத் தாண்டினால் ஊராட்சிகள். மாஸ்டர் பிளான் எல்லைக்கு வெளியே இருக்கும் ஊர்களில் மனைப்பிரிவு போட, நகர் ஊரமைப்பு இயக்ககம், நாம டிடிசிபி என்று சொல்கிறோமே, அவர்களின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். மலைப்பகுதி என்று அரசு பட்டியலிட்ட கிராமமாக இருந்தால், கூடவே ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி. கடைசியாகக் காப்புக்காடு. அங்கே நகரமைப்புத் துறைக்கு வேலையே கிடையாது. வனத்துறைதான். காட்டு நிலத்தை வேறு எதற்காவது பயன்படுத்த வேண்டுமென்றால் 1980-ஆம் ஆண்டு சட்டப்படி மத்திய அரசு வரைக்கும் போகணும்.

இதற்கு நடுவில் இன்னொரு அடுக்கும் இருக்கு. ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளி பழங்குடி மக்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்கு உரிமை கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும். யாருக்கும் விற்க முடியாது. "மலை மேலேயே ஒரு ஏக்கர் சொல்லி வெச்சிருக்கேன்"னு யாராவது வந்தால், முதலில் இதைக் கேளுங்க.

துறை என்னதான் செய்யுது?

நகரமைப்புத் துறைன்னா ரோடு போடும், பூங்கா கட்டும்னு நினைக்கிறோம். பெரும்பாலும் அது எதையும் கட்டாது. அதோட வேலை, மற்றவர்கள் கட்டுவதற்கு முன்னாடி விதி வைப்பது. அதிகாரம் வருவது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இருந்து.

முதல் வேலை, வரைபடத்துக்கு வண்ணம் அடிப்பது. குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம், திறந்தவெளி என்று ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு உபயோகம். விவசாய மண்டலத்தில் அபார்ட்மென்ட் கட்டணும்னா முதலில் நில உபயோக மாற்றம் வாங்கணும்.

ரெண்டாவது, எவ்வளவு கட்டலாம் என்பது. இதைத்தான் எஃப்எஸ்ஐ என்கிறார்கள். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கு அது 2. 2,400 சதுர அடி மனை என்றால், எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி வரை.

மூணாவது, மனைப்பிரிவு. ஒரு பெரிய நிலத்தைத் துண்டு போட்டு விற்கும்போது ரோடு எத்தனை அடி அகலம், மழைத் தண்ணீர் எங்கே போகும், பக்கத்து நிலத்துக்கு வழி இருக்கா என்று பார்ப்பது. 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். பெரிய லேஅவுட்டில் அந்த இடத்தையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல். உங்க தெருமுனையில் ஒரு பூங்கா இருந்தால், யாரோ ஒரு அதிகாரி எப்பவோ இந்தப் பத்து சதவீதத்தைக் கறாரா கேட்டு வாங்கியிருக்கார்னு அர்த்தம்.

இப்போ "பஞ்சாயத்து அப்ரூவ்டு" விஷயத்துக்கு வருவோம். டிடிசிபி ஒப்புதல் இல்லாமல், ஊராட்சித் தலைவர் தனியாக ஒரு லேஅவுட்டுக்கு ஒப்புதல் கொடுக்க முடியாது. பிரவுச்சரில் அந்த வார்த்தையைப் பார்த்தாலே அங்கே ஏதோ ஒரு படி தாண்டப்பட்டிருக்கலாம்னு சந்தேகப்படுங்க.

'முடியாது' என்பதை யார் காப்பாற்றுவது?

இங்கேதான் சுவாரசியமான கட்டம். இவ்வளவு விதி இருந்தும் தமிழ்நாடு முழுக்க அங்கீகாரம் இல்லாத மனைகள் எப்படி வந்தது? விவசாயம் நின்றுபோன நிலத்தில் கல் நடுவாங்க, மண் ரோடு போடுவாங்க, கொடி கட்டுவாங்க, வேன் வைத்து ஆள் கூட்டிட்டு வருவாங்க. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமும் பதிவாகிடும். காரணம், பதிவுத்துறையின் வேலை ஒப்பந்தத்தைப் பதிவது. அங்கீகாரம் இருக்கா என்று கேட்பது நடைமுறையில் அவங்க வேலையா இருந்ததில்லை. ஒரு துறை 'முடியாது'ன்னு சொன்னதை, அடுத்த துறை காதில் வாங்கவே இல்லை.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. மாநிலம் முழுக்க மனை வியாபாரம் அப்படியே நின்றது. அதன் பிறகு பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு திருத்தத்தோடு உயிர் பெற்றது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு விலக்கு. அதற்குப் பிறகு புதிதாகப் பிரிக்கப்படும் மனைக்கு ஒப்புதல் இல்லாமல் பதிவு இல்லை. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி பழைய மனைகளை ஒழுங்குபடுத்திக்கலாம். ஆனால் ஏரி, ஓடை, வாய்க்கால், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றில் வரும் மனைக்கு வரன்முறை கிடையாது.

பல வருஷம் அதிகாரிகள் நோட்டீஸ் ஒட்டி நடக்காதது, பத்திரப்பதிவு கவுண்டரில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்ததும் நடக்க ஆரம்பிச்சது. ஆனால் ஆட்கள் சும்மா இருப்பாங்களா? இப்போ புது வழி, "பண்ணை நிலம்". மனை என்று சொல்லாமல் பத்து சென்ட், இருபது சென்ட் விவசாய நிலமாகவே எழுதிக் கொடுப்பது. பத்திரம் சுத்தமாக இருக்கும். நாளைக்கு அங்கே வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும்.

ஓஎம்ஆர் நமக்குச் சொல்வது

"வாங்குறவன் பணம், வாங்குறவன் ரிஸ்க்"னு சிலர் சொல்லலாம். அதுக்கு ஒரு நிமிஷம் அமிர்தியை விட்டு, நம்மில் பாதிப் பேர் தினமும் போய் வரும் ஓஎம்ஆருக்கு வாங்க.

பள்ளிக்கரணை ஒரு கழுவெளி. தென்சென்னையின் ஏரிகளில் நிரம்பி வழியும் தண்ணீர் வந்து தங்கி, மெதுவாகக் கடலுக்குப் போகும் இடம். வருவாய்ப் பதிவேட்டுக் கண்ணுக்கு ரொம்ப காலம் அது வெறும் தரிசு. தரிசுன்னு ஒரு இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டால், அதை எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் இல்லையா? குப்பைக் கிடங்கு வந்தது, அரசு நிறுவனங்கள் வந்தன, நடுவே ரேடியல் ரோடு வந்தது, சுற்றிலும் அபார்ட்மென்ட் வந்தது. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது 2022-ல்தான்.

நம்ம வேலையில் ஒரு ரிலீஸ் தப்பாப் போனால் ரோல்பேக் பண்ணலாம். நிலத்தில் அது கிடையாது. கான்கிரீட் போட்ட ஓடையைத் திரும்ப ஓடையாக்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

அமிர்திக்கும் இது பொருந்தும். அந்தக் காட்டுப் பக்கம் இருந்து இறங்கும் தண்ணீர்தான் நாகநதி. அது கமண்டல நாகநதி, செய்யாறு வழியாகப் பாலாற்றுக்குப் போகுது. வறண்டு கிடந்த இந்த நாகநதியை மீட்க வேலூர் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் நீர் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்பணைகளும் கட்டினார்கள். அவங்க ஒரு பக்கம் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கப் பாடுபடும்போது, இன்னொரு பக்கம் ஒரு லேஅவுட்காரர் ஓடையை மேவி "இருபது அடி ரோடு" என்று காட்டினால், அது வாங்கினவரின் ரிஸ்க் மட்டும் இல்லை. கீழே இருக்கிற எல்லோருடைய கிணறும் அதில் அடங்கும்.

அப்போ அட்வான்ஸ் போடலாமா?

கேட்ட நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் சர்வே நம்பரைக் கேளுங்க. தர மறுத்தால் அங்கேயே முடிச்சுக்கோங்க.

தந்தால், அரசின் இ-சேவை தளத்தில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் பாருங்க. நஞ்சையா, புஞ்சையா, பக்கத்தில் ஓடைப் புறம்போக்கு இருக்கா என்று தெரியும். புலப்பட வரைபடத்தை எடுத்து, லேஅவுட் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்க. ரோடு ஓடும் இடத்தில் பழைய படத்தில் வாய்க்கால் ஓடுதான்னு தெரிஞ்சிடும். டிடிசிபி ஒப்புதல் எண்ணை வாங்கி, அவர்களின் இணையதளப் பட்டியலில் அதே சர்வே நம்பரோடு பொருந்துதான்னு பாருங்க. கிராமம் ஹாகா பட்டியலில் இருக்கா, காப்புக்காட்டு எல்லையை ஒட்டி இருக்கா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்க. 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள திட்டம் என்றால் ரெரா பதிவு எண்ணும் இருக்கணும். வில்லங்கச் சான்று எப்படியும் எடுப்பீங்க. ஆனால் அது நிலத்தின் பரிவர்த்தனையைத்தான் சொல்லும், நில உபயோகத்தைச் சொல்லாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் அரசு பெரிசா இழுத்தடிக்காது. 2024 ஜூலையில் இருந்து, 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று முறையிலேயே உடனடி அனுமதி கிடைக்குது.

கடைசியா ஒண்ணு

மனை வாங்காதவங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கு. சட்டப்படி ஒரு மாஸ்டர் பிளான் வரைவு வெளியானால், ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லக் குறைந்தது ரெண்டு மாசம் அவகாசம் தரணும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் உங்க பேரில் இருக்கணும்னு அவசியம் இல்லை. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது. அதன் காலம் 2026 வரை. மூன்றாவது, 2046 வரைக்கும். நமக்கெல்லாம் ஐம்பது வயசு நெருங்கும்வரை இந்த ஊர் எப்படி இருக்கும்னு முடிவு பண்ற பேப்பர் அது.

அந்த ரெண்டு மாசத்தில் பெரிய நிலம் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக எழுதுவாங்க. தன் சர்வே நம்பருக்கு என்ன வண்ணம் வேணும்னு அவங்களுக்குத் தெரியும். ஓடைக்காக எழுத ஆள் இல்லை. உங்க ஊர் வரைவு வரும்போது உங்க ஏரியாவை மட்டும் ஜூம் பண்ணிப் பாருங்க. சின்ன வயசில் தண்ணீர் ஓடிப் பார்த்த இடம் மஞ்சள் நிறத்தில் இருந்தால், சர்வே நம்பரைக் குறிப்பிட்டு ஒரு பக்கம் எழுதிப் போடுங்க. தமிழிலேயே எழுதலாம்.