மஞ்சள் கடுதாசி: கவசமா, கண்ணீரா?



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டா வட்டிக்கடன் போச்சு, பேங்க் கடன் போச்சு, வீட்டு வரியும் போச்சு, அவன் ஜாலியா இருப்பான்" என்றார். ஐயா, எனக்கு ஊர் திருத்தணி. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி ஆந்திராவிலிருந்து நம்ம பக்கம் வந்த ஊர். நாங்க "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்போம். எல்லைக்கு அந்தப் பக்கம் "ஐ.பி. பெட்டாடு" என்பார்கள். பாஷைதான் வேற. வாயைப் பொத்திக்கிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்றது ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்! (சிரிப்பு)

எங்க சித்தப்பா நாலு விசைத்தறி வச்சிருந்தார். நூல் விலை ஏறிச்சு, துணி தேங்கிச்சு, கடன் கழுத்தைப் பிடிச்சுது. வீட்டு வரி அஞ்சு அரையாண்டு பாக்கி. காலையில் அவரை உள்ளே வச்சு வெளியே பூட்டிட்டு, சாவியை எடுத்துக்கிட்டு நான் பள்ளிக்கூடம் போகணும். யார் கேட்டாலும் "ஊருக்குப் போயிருக்கார்"னு சொல்லணும். பத்து வயசில் எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட முதல் பொய் அது. சித்தி மலைக்குப் போறேன்னு கிளம்புவாங்க. 365 படியில் பாதியில் உட்கார்ந்து அழுதுட்டுத் திரும்பி வந்துடுவாங்க.

கடைசியில் ஒரு வக்கீலிடம் போனார்கள். அவர் சொன்னதை எதிரணி கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கணும்.

1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம் இருக்கிறதே, அது கடனை ஊதி அணைக்கிற மந்திரம் இல்லை. நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்துவிட்டால் அவருடைய சொத்து கோர்ட்டு கைக்கோ, ரிசீவர் கைக்கோ போய்விடும். அதன்பிறகு சாதாரணக் கடன்காரர் கோர்ட் அனுமதி இல்லாமல் தனியாக ஜப்தி கொண்டுவர முடியாது. ஆனால் அடமானம் வாங்கினவர் உரிமை அப்படியே நிற்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானும் தப்ப முடியாது! (சிரிப்பு)

சரி, வரிபாக்கி? இருக்கிற பணத்தைப் பங்கிடும்போது அரசாங்கத்துக்கும் உள்ளாட்சிக்கும் சேரவேண்டியது முன்வரிசையில். கூடவே வேலையாள் சம்பளமும் உண்டு. எவ்வளவு தெரியுமா? 1920இல் எழுதினபோது மொத்தமே 20 ரூபாய்! மற்றவர்கள் மீதியில்தான் பங்கு கேட்கணும். போதாததற்குச் சொத்துவரி அந்த வீட்டின் மேலேயே முதல் பாத்தியதையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் நியாயம்தானே? தெருவிளக்கு எரிவது அந்தக் காசில்தான்!

அகமதாபாத்தில் ஒருவர் நொடித்துப் போனார். அவர் சொத்தை ஏலத்தில் எடுத்தவரிடம் மாநகராட்சி பழைய வரியைக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாக்கி இருப்பது தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவரின் சொத்தில் அதை வசூலிக்க முடியாது என்று 1971இல் தீர்ப்பு வந்தது. அதற்காக விசாரிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்! முதலில் வரி ரசீதைக் கேளுங்கள்.

2016இல் புதுச் சட்டம் வந்ததே என்பீர்கள். அது கம்பெனிகளுக்கு. கம்பெனிக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர, தனிமனிதருக்கான பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அங்கீகாரம் பெற்ற மீட்புத் திட்டத்தில் சேராத பாக்கி, உள்ளாட்சி வரியே ஆனாலும், ஒழிந்துபோகும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது கம்பெனிகளுக்குத்தான். நாலு தறிக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. நடுவர் அவர்களே, இப்போ சொல்லுங்க, ஜாலியா இருப்பவர் யார்? (கைதட்டல்)

அப்படியானால் எதைக் கவசம் என்கிறேன்? ஜப்திக்கு வந்தாலும் சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி, இதையெல்லாம் தொடக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பெண்ணிடமிருந்து பிரிக்கக்கூடாத தாலியையும் தொடமுடியாது. கொடுக்க முடியாதவனை, முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தெரியாமல்தானே எத்தனையோ பேர் விஷப் பாட்டிலையும் கயிற்றையும் தேடினார்கள்!

சித்தப்பா மனு கொடுத்தார். வீடு போச்சு. வீட்டு வரி அந்தப் பணத்தில் முழுசாகக் கழிந்தது. வட்டிக்காரர்களுக்கு ரூபாய்க்கு ஏதோ சில அணாக்கள். அவர்கள் நஷ்டம் நிஜம், நான் மறைக்கவில்லை. ஆனால் மனு கொடுத்த அன்று காலையில் நான் பூட்டைத் தேடினேன். "வேண்டாம்டா, கதவு திறந்தே இருக்கட்டும்" என்றார். திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அத்தனை நாளுக்கப்புறம் அவர் முகத்தில் வெயில் பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆகவே நடுவர் அவர்களே, ஒளிந்திருந்த மனிதனைத் திண்ணைக்குக் கூட்டிவந்த மஞ்சள் கடுதாசி கவசமே என்று தீர்ப்பளிக்கக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.