முழுகிய நெல்லும் தலைவிதியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி நெற்பயிரைப் பற்றியதாகும். பகுத்தறிவுக் கூட்டத்தில் பயிரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். வெள்ளம் வந்து பயிர் முழுகினால் அதை வருணன் கோபம் என்றும், தலைவிதி என்றும் சொல்லி, பயிரைப் பறிகொடுத்தவனிடமே சாந்திக்கும் பூசைக்கும் பணம் பறிப்பது இந்நாட்டில் வெகுகாலமாக நடந்து வருகிறது. ஆகையால் முழுகிய நெல் ஏன் சாகிறது என்று தெரிந்துகொள்ளுவது பகுத்தறிவின் வேலையேயாகும்.

தண்ணீரில் வளருகிற நெல் தண்ணீராலேயே சாவானேன் என்று கேட்பீர்கள். வேரும் தண்டும் தண்ணீரில் நின்றால் நெல்லுக்குக் கேடில்லை. நுனி வரையில் முழுகி ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டால்தான் பெரும்பாலான வகைகள் சாகின்றன. பயிருக்குள் எத்திலீன் என்று ஒரு வாயு உண்டாகிறது. வாழைக்காயைப் பழுக்கச் செய்வதும் அதே வாயுதான். காற்றில் நிற்கும் பயிரிலிருந்து அது வெளியேறிவிடும்; முழுகிய பயிரிலோ போக வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். உடனே பயிர், தண்ணீருக்கு மேலே தலை நீட்ட அவசர அவசரமாக நீளுகிறது. அதற்காகச் சேர்த்து வைத்த சர்க்கரையையும் மாவுச்சத்தையும் செலவழித்துவிடுகிறது. வெள்ளம் வடிகிறபோது கையிருப்பு ஒன்றுமில்லாமல் சாய்ந்து அழுகிப்போகிறது. இதில் வருணனுக்கு என்ன வேலை இருக்கிறது?

ஒடிசா நாட்டுக் குடியானவர்கள் பயிரிட்டு வந்த பழைய நெல் ஒன்று, இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அதிலிருந்து பொறுக்கியெடுத்த வகைக்கு எப்.ஆர். 13 ஏ என்று பெயர். அதன் விளைச்சல் சொற்பந்தான். அந்த விதையை அழியாமல் காத்துக் கொடுத்தவர்கள் வேதம் ஓதியவர்களல்ல. சேற்றில் இறங்கி உழுதவர்களேயாவார்கள்.

அந்த நெல் பிழைக்கும் ரகசியம் எங்கே இருக்கிறது என்று டேவிட் மக்கில், கெனோங் சூ என்னும் விஞ்ஞானிகள் தேடினார்கள். நெல்லின் 12 ஜோடி குரோமோசோம்களில் ஒன்பதாவதில் அது இருக்கிறதென்று 1996-ல் கண்டறிந்தார்கள். பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பமேலா ரொனால்டு, ஜூலியா பெய்லி செர்ரஸ் என்னும் இரு பெண்மணிகளும் அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். 2006-ல் சப் 1 ஏ என்னும் மரபணுவை உலகத்துக்கு அறிவித்தார்கள். எத்திலீன் சேர்ந்ததும் இந்த மரபணு விழித்துக்கொண்டு, பயிர் வீணாக நீளுவதை அடக்கிவிடுகிறது. பயிர் கையிருப்பைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடந்து, வெள்ளம் வடிந்ததும் மறுபடி துளிர்க்கிறது. அவ்வளவுதான் ரகசியம். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கும் வைதீகர்கள் இந்த இரு பெண்மணிகளின் வேலையைப் பார்க்கட்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மரபணுவைச் சுவர்ணா என்னும் பேர்பெற்ற நெல்லில், திரும்பத் திரும்பக் கலப்புச் செய்து கொண்டுவந்து சேர்த்தார்கள். சுவர்ணாவின் மற்றக் குணங்கள் அப்படியே இருந்தன. சுவர்ணா சப் 1 என்னும் அந்த நெல் 2009-ல் இந்தியாவில் குடியானவர்களுக்கு வெளியிடப்பட்டது. நம் பக்கத்து சி.ஆர். 1009 நெல்லுக்கும் இக்குணம் ஏற்றப்பட்டிருக்கிறது.

சொன்னால் போதுமா, ருஜு வேண்டாமா? ஒடிசாவில் 128 கிராமங்களில் இதைப் பரீட்சை செய்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்து நாள் முழுகிய வயலில் பழைய சுவர்ணாவைவிடச் சுமார் 45 சதவிகிதம் அதிகம் விளையும் என்று கணக்கிட்டார்கள். வெள்ளம் வராத இடத்திலும் விளைச்சல் குறையவில்லை.

தோழர்களே! முக்கியமான சங்கதி இனிமேல்தான் இருக்கிறது. நெல்லை அளக்கப் போனவர்கள் கணக்கில் ஜாதியும் வந்து நின்றது. வெள்ளம் தேங்குகிற பள்ள நிலங்கள் தாழ்த்தப்பட்ட மக்களிடமே அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். தண்ணீருக்கு ஜாதி தெரியாது. அது பள்ளத்தைத்தான் பார்க்கும். ஆனால் பள்ளத்தில் ஒருவனையும் மேட்டில் ஒருவனையும் வைத்தது யார்? வருணனா, வருணாசிரமமா? மனிதன் செய்த அக்கிரமத்துக்குக் கடவுள் பேரில் பழி போட்டு, பாடுபடுகிறவன் தலையில் விதி என்று எழுதினார்கள். அதனால் இந்த விதையின் லாபத்தில் பெரும்பங்கு ஒடுக்கப்பட்டவர்களுக்கே போய்ச் சேரக்கூடும் என்று அந்த ஆராய்ச்சி சொல்லுகிறது.

விஞ்ஞானிகள் தவறு செய்யாதவர்களா? செய்வார்கள். இதே ரொனால்டு அம்மையார், நெல்லின் நோயைப்பற்றித் தம் ஆராய்ச்சிசாலை முன்பு சொன்ன முடிவுகளில் பிழை இருப்பதைத் தாமே கண்டு, 2013-ல் இரண்டு கட்டுரைகளை உலகறியத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பூசை பலிக்காவிட்டால் "உன் பக்தி போதாது" என்பான் புரோகிதன். "எங்கள் கணக்கு தப்பு" என்று சொல்ல எந்தச் சாஸ்திரத்துக்காவது யோக்கியதை உண்டா?

இந்த விதை சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்ல வரவில்லை. மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கினால் இதுவும் உதவாது. பள்ளத்துப் பயிரை விஞ்ஞானம் காப்பாற்றலாம். பள்ளத்து மனிதனை மேட்டுக்குக் கொண்டுவருவது நம் வேலை.

ஆகவே தோழர்களே, நாம் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். வரப்புக்கு இந்தப் பக்கம் பழைய விதையும் அந்தப் பக்கம் புது விதையும் போட்டு, நீங்களே அளந்து பாருங்கள். அதோடு, உங்கள் ஊரில் பள்ளத்து நிலம் யாரிடம் இருக்கிறது, மேட்டு நிலம் யாரிடம் இருக்கிறது என்பதையும் ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.