தறிக்குழியும் சிறுதேரும்

(அனகாபுத்தூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொறியியலைப் பற்றிப் பேசுதற்கு ஒரு தமிழ்ப் பண்டிதனை அழைத்தது ஏனென்று சிலர் ஐயுறலாம். யாம் பேச வந்தது கல்லூரிப் பொறியியலைப் பற்றியன்று. இன்னும் பள்ளியில் அடிவையாத, மூன்று முதல் ஐந்தாண்டுப் பருவத்துக் குழந்தைகளைப் பற்றியதாம். அப்பருவத்தில் அவர்க்கு ஆசிரியர் எம்போல்வார் அல்லர்; வீட்டிலுள்ள தாய் தந்தையரும் பாட்டன் பாட்டியருமே ஆவர்.

மகனைப் பொறியியற் கல்லூரியிற் சேர்த்தற்பொருட்டு வீட்டை அடகு வைப்பார் நம்மவருள் உளர். அவரே, அம்மகன் மூன்று வயதில் டார்ச் விளக்கைத் திருகிப் பிரித்தபோது அவன் முதுகில் அறைந்தவராகவும் இருப்பர். யாமும் அக்குற்றத்திற்குப் புறம்பானவர் அல்லேம். எம் இல்லத்துக் கூடத்தில் சிமெண்டு பூசி மூடிய ஒரு நீள்சதுரத் தடம் உண்டு. எந்தையார் அமர்ந்து நெய்த குழித்தறி இருந்த இடம் அதுவே. அத்தறியை விற்றவர் யாமே. சில ஆண்டுகட்கு முன், நான்கு வயதினளான எம் இளைய மகள் அத்தடத்தின்மேற் காலை வைத்துக்கொண்டு, "அப்பா, இங்கே மட்டும் தரை ஏன் வேறு நிறமாக இருக்கிறது?" என்று வினவினாள். யாம் ஏதோ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். "ஒன்றுமில்லை, அப்பால் போய் விளையாடு" என்றோம். ஆசிரியத் தொழிலில் இருபதாண்டு கழித்த ஒருவன் சொல்லத்தக்க விடையா அது? அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது.

அக்குழியில் இருந்தது யாது? நம் சிறு பருவத்தில் எழுத்தறியுமுன்னரே நாம் கண்ணாற் கற்ற பொறிச்சாலை இருந்தது. ஒரு மிதியை அழுத்தினால் அதனோடு பிணித்த விழுது தாழும், மற்றது உயரும். பாவு இரண்டாய்ப் பிளந்து வாய் திறக்கும். கயிற்றைச் சுண்டினால் நாடா அவ்வாயினூடே ஓடும். மற்ற மிதியை அழுத்தினால் மேலிழை கீழாகும், கீழிழை மேலாகும். கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்டும் அவ்வுபாயம் 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பார் கண்டது. திண்ணையிற் பாட்டி தார் சுற்றுவாள். பெரிய சக்கரம் ஒருமுறை சுழலுமுன் சிறு கதிர் பன்முறை சுழலும். அஃது ஏன் என்று கேளாத குழந்தை நம் தெருவில் இல்லை. 1804-இல் பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பார், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியிற் பூவேலை செய்யும் பொறியை அமைத்தார். அவ்வட்டை முறையையே பின்னர்ச் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தம் கணிப்பொறித் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். கணினிக்கு முன்னோன் நெசவாளன் என்று நாம் தலைநிமிர்ந்து கூறலாம்.

ஆயின் பழமையை வெறிதே புகழ்தல் நேர்மையன்று. தார் சுற்றிய சிறுவர் பலர் பள்ளிக்குச் செல்லாமற் போயினர்; வறுமை அவர்களை உழைப்பில் இருத்தியது. அந்நிலை மீளவேண்டா. நைஜீரியா வரைக்கும் கட்டத்துணி அனுப்பிய நம் ஊரில் இன்று தறியோசை கேட்கும் வீடுகள் மிகச் சில. கூலியுழைப்பு நீங்கியது நன்றே. அதனோடு குழந்தை கண்டு வியக்கும் பொறியும் வீட்டைவிட்டு நீங்கிற்று. அவ்விடத்தை இப்போது கைப்பேசி நிரப்புகின்றது. அதனுள் நிகழ்வது யாதும் குழந்தையின் கண்ணுக்குப் புலனாகாது.

நம் ஊரை ஒட்டிச் செல்லும் அடையாறு கடலிற் கலக்குமிடத்தருகே, பிரம்மஞான சபையின் தோட்டத்தில், மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் வந்து தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவ்வம்மையார் இளமையிற் பொறியாளராக விரும்பித் தொழிற்பள்ளியிற் பயின்று, பின்னரே மருத்துவரானவர். அவர் கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகளும் அவற்றிற்கேற்ற பத்து உருளைகளும் உடைய மரக்கட்டை. ஓர் உருளையைப் பெரிய குழியில் இட்டுவிட்டால், கடைசியில் ஒன்று பொருந்தாமல் எஞ்சி நிற்கும். "தவறு" என்று எவரும் சொல்லவேண்டுவதில்லை, கட்டையே சொல்லிவிடும். இவ்வொரு நுட்பத்தைப் பிடித்துக்கொண்டால் விலையுயர்ந்த கருவி நமக்கு வேண்டா.

கோடையில் நுங்கு தின்ற பின் எஞ்சும் பனங்காய்க் கூடுகள் இரண்டை ஒரு குச்சியாற் கோத்துக் கவைக்கோலால் தள்ளினால் வண்டியாகும். இதனை நாமே செய்து கொடுத்துவிடுதல் பிழை. குழந்தையே இரு கூடுகளைப் பொறுக்கட்டும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாய் இருப்பின் வண்டி நேரே செல்லாது சிறிய கூட்டின் பக்கமாக வளையும். நடுவன்றி ஓரத்தில் துளையிட்டிருப்பின் துள்ளித் துள்ளி ஓடும். அப்போது பாட்டனார் வாய்திறவாமல் அருகிருத்தலே பெரிய உதவி. எம் அநுபவத்தில் அதனினும் கடினமான செயல் வேறில்லை. கூரிய கத்தியை மட்டும் அவர் தம் கையில் வைத்துக்கொள்க.

சிறுதேர் உருட்டல் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் மூன்று உருளையுடைய சிறுதேர் உருட்டியதைப் பட்டினப்பாலை கூறும். பிள்ளைத்தமிழ் அதனை ஆண்பாற்குரிய இறுதிப் பருவமாக வைத்தது. பெண்பாற்கு ஊசல் கிடைத்தது, தேர் கிடைத்திலது. இலக்கண நூலார் மன்னிப்பாராக. எம் வீட்டில் பெண்மகவே தேர் உருட்டுகின்றாள், ஊசலும் ஆடுகின்றாள். ஊசலின் கயிற்றைக் குறுக்கினால் அது விரைந்தாடும் என்பதையும் அவளே கண்டு எமக்குக் கூறினாள்.

மழைநாளுக்கு ஏற்றது அட்டைத் தறி. பழைய அட்டைப்பெட்டியின் இரு விளிம்பிலும் விரற்கிடை விட்டுப் பல்வெட்டி நூலைப் பாவாகச் சுற்றுக. வண்ணக் காகிதக் கீற்றை ஓரிழைக்கு மேலும் ஓரிழைக்குக் கீழுமாக நுழைக்குமாறு காட்டுக. அடுத்த கீற்றை மாற்றி நுழைக்கவேண்டும். மாற்றாது நுழைத்தால் இரண்டு கீற்றும் ஒன்றையொன்று நெருங்கி ஒரே கீற்றுப்போல் ஆகிவிடும். பிழையைத் துணியே காட்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு ஐந்தாறு கீற்றளவே பொறுமை இருக்கும். அத்துடன் விட்டுவிடுக, மறுநாள் அதுவே கேட்கும்.

எம் மகளுக்கு அவ்வட்டைத் தறியைக் கொடுத்தபோதுதான் கூடத்துத் தடத்தின் வரலாற்றைச் சொன்னோம். அவள் அதன்மேல் அமர்ந்து, காலை எங்கே வைப்பது என்று கேட்டாள். குழி மூடியிருக்க, யாம் என் செய்வேம்? நம் ஊரில் இன்னும் தறி ஓட்டும் வீட்டார் ஒருவர், குழந்தைகளை அழைத்து வந்தால் மிதியில் கால்வைத்துப் பார்க்க இடந்தருவதாக அன்புடன் இசைந்துள்ளார். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் பெயர் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு நான்கு குழந்தைகளே. உடன் பெற்றோர் ஒருவர் வருதல் வேண்டும்.