கையில் இருக்கும் தழும்பு போதுமா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்து வளர்ந்த பலருக்குக் கையின் மேற்பகுதியில் ஒரு சிறு தழும்பு இருக்கும். பி.சி.ஜி. ஊசி போட்ட இடம் அது. "ஊசிதான் போட்டாகிவிட்டதே, இனி எப்படிக் காசநோய் வரும்?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் இருமல் விடாவிட்டாலும், கடையில் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அந்தத் தழும்பு உண்மையில் எவ்வளவு பாதுகாப்புத் தருகிறது? அதைவிடச் சிறந்த ஊசி ஏன் இன்னும் வரவில்லை?

பிரான்சின் லில் நகரில், கால்மெட் என்ற மருத்துவரும் குவெரின் என்ற கால்நடை மருத்துவரும் 1908-இல் இந்த வேலையைத் தொடங்கினார்கள். மாடுகளைத் தாக்கும் காசநோய்க் கிருமியை, பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கின் மீது வளர்த்தார்கள். அதைத் திரும்பத் திரும்பப் புதிய துண்டுகளுக்கு மாற்றினார்கள். 13 ஆண்டுகளில் ஏறத்தாழ 230 முறை மாற்றிய பிறகு, நோயை உண்டாக்கும் வலிமையைக் கிருமி இழந்தது. 1921-இல் பாரிஸில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் உலகெங்கும் குழந்தைகளுக்குப் போடப்படுவது அதே தடுப்பூசிதான்.

மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது பச்சிளங்குழந்தைகளை நன்றாகக் காக்கிறது. ஆனால், இந்த நோயைப் பெரும்பாலும் பரப்புபவர்கள் நுரையீரல் பாதிக்கப்பட்ட பெரியவர்கள். அவர்களை அது காக்குமா?

இக்கேள்விக்கு முக்கியமான ஒரு பதில் தமிழ் மண்ணிலிருந்து வந்தது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்திற்கும் அதிகமான மக்களிடம் பி.சி.ஜி. சோதிக்கப்பட்டது. சிலருக்கு உண்மையான ஊசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. 15 ஆண்டுகள் அவர்கள் கண்காணிக்கப்பட்டார்கள். பிரிட்டனில் பள்ளி மாணவர்களுக்கு நல்ல பலன் தந்த அதே பி.சி.ஜி., இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. யாரும் விரும்பாத முடிவுதான். ஆனாலும் புதிய தடுப்பூசி தேவை என்பதை அந்தக் கிராம மக்கள் உலகுக்கு உணர்த்தினார்கள். ஊசியைத் திரும்பப் போடுவதாலும் பெரிய பலனில்லை என்று கண்டு, பள்ளிகளில் போட்டுவந்த இரண்டாவது பி.சி.ஜி. ஊசியைச் சிங்கப்பூர் 2001-இல் நிறுத்தியது.

கோவிட் தடுப்பூசி 2020-இல் ஓராண்டுக்குள் வந்ததே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? காசநோய்க் கிருமி, தன்னை அழிக்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கக் கூடியது. உலக மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் உடலில் அது புகுந்திருக்கிறது. அவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேரே வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். ஊசி பலித்ததா என்று இரத்தத்தைச் சோதித்துச் சொல்ல நம்பகமான வழி இல்லை. ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருந்தும் ஏமாற்றம் வரலாம். தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 2,800 குழந்தைகளிடம் சோதித்த ஒரு புதிய ஊசி, பி.சி.ஜி.க்கு மேல் கூடுதல் பாதுகாப்பு எதையும் தரவில்லை என்று 2013-இல் தெரியவந்தது.

இப்போது நம்பிக்கை தருவது எம்72 என்ற தடுப்பூசி. காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களை இணைத்து, உடலின் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளுடன் சேர்த்துத் தயாரிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா ஆகிய நாடுகளில், கிருமி உடலில் இருந்தும் நோய்வாய்ப்படாத ஏறத்தாழ 3,300 பெரியவர்களை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 26 பேருக்கு நோய் வந்தது. எம்72 போட்டவர்களில் 13 பேருக்கு மட்டுமே வந்தது. சரிபாதி! 2019-இல் இந்த முடிவு வெளியானது. ஆனால், மொத்தம் 39 நோயாளிகளை வைத்து உலகுக்கே ஊசி போட முடியாது அல்லவா? அதனால்தான் 20,000 பேர் வரை சேர்க்கும் பெரிய சோதனை 2024 மார்ச்சில் தொடங்கியது. அண்டை நாடான இந்தோனேசியாவும் அதில் பங்கேற்கிறது.

பணமும் ஒரு தடை. காசநோய் பெரும்பாலும் ஏழைகளைத் தாக்கும் நோய். இதில் இலாபம் குறைவு. இந்தச் சோதனைக்கான 55 கோடி அமெரிக்க டாலரைக் கேட்ஸ் அறநிறுவனமும் பிரிட்டனின் வெல்கம் அறநிறுவனமும் தர முன்வந்த பிறகே வேலை நகர்ந்தது. இடையில் போன ஆண்டுகளின் விலை என்ன? 2023-இல் மட்டும் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளானார்கள்; 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

புதிய ஊசி வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. குழந்தைக்குப் பி.சி.ஜி. ஊசியைத் தவறாமல் போடுங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தாலோ சளியைச் சோதித்துப் பாருங்கள். மருந்து தொடங்கினால், பொதுவாக ஆறு மாதம் ஆகும் சிகிச்சையை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். பெரியவர்களின் நுரையீரலைக் காக்கும் வேலையை அந்தத் தழும்பிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.