ஏசி வாங்குமுன் ஸ்டிக்கரைப் படியுங்கள்

(மாதாந்திர குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



வீண்விரயம் என்றால் ஒளூ செய்யும் தண்ணீர் வரை பேசுகிறோம். மீட்டரில் ஓடுவதும் அதில் சேரும்தானே?

கடையில் எல்லோரும் நட்சத்திரத்தைத்தான் எண்ணுகிறோம். அதே ஸ்டிக்கரில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். அதைப் பாருங்கள். அது 1600 மணி நேரத்துக்கான கணக்கு; அதாவது தினம் எட்டு மணி நேரம் வீதம் 200 நாள்.

ஒரே அளவுள்ள இரண்டு ஏசியில் ஒன்று 1000 யூனிட், மற்றது 750 என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 8 ரூபாய் என்றால் வருடத்துக்கு 2000 ரூபாய் மிச்சம். இரண்டாவதன் விலை 8000 ரூபாய் கூட இருந்தாலும் நான்கே வருடத்தில் ஈடாகிவிடும். ஆனால் கோடையில் மட்டும் மொத்தம் 400 மணி நேரம் ஓட்டுகிற வீட்டுக்கு மிச்சம் 500 ரூபாய்தான். ஈடாக 16 வருடம்! அவர்களுக்கு மூன்று நட்சத்திரமே போதும் என்பேன். படுத்த படுக்கையாக நோயாளி இருக்கும் வீடு, பிள்ளைகள் நாள் முழுக்க ஓதும் மதரஸா இவற்றுக்கு ஐந்துதான் சரி.

பள்ளிவாசலுக்கு ஏசி கொடுக்க நிய்யத் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். வாங்கிக் கொடுப்பது நீங்கள். கரண்ட் பில் கட்டுவது ஜமாஅத் நிதி. ஜும்ஆவுக்கு மட்டும் ஓடுமா, ஐந்து வக்தும் ஓடுமா என்று நிர்வாகிகளிடம் முதலில் கேளுங்கள்.

பழைய ஏசி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஸ்டிக்கரில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். ஒரு வருடத்தில் வெளியேற்றும் வெப்பத்தை, அதற்குச் செலவாகும் மின்சாரத்தால் வகுத்த கணக்கு அது, கூடினால் நல்லது. ஸ்பிளிட் ஏசிக்கு 2018இல் 4.50 இருந்தாலே ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அது 5.00 ஆக உயர்த்தப்பட்டது. ஆக, அன்றைய ஐந்து பின்னர் நான்காகிவிட்டது. ஸ்டிக்கரில் உள்ள ஆண்டைப் பாருங்கள். விண்டோ ஏசிக்கு அளவுகோலே வேறு. அதன் ஐந்தை ஸ்பிளிட்டின் ஐந்தோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்று. நம் வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். 24 டிகிரியில் வைத்து, ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள்.

தவணையில் கையெழுத்துப் போடுமுன் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, பழைய கரண்ட் பில்லோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம்.